ஒழுங்கு நோட்டில் ரஹ்மத் டீச்சர் போட்ட கட்டம்

ரஹ்மத் டீச்சர் இறந்துபோன செய்தி நம் ஸ்டாஃப் குரூப்பில்தான் வந்தது. பிளஸ் ஒன் அட்மிஷன் வேலைக்கு யார் எத்தனை மணிக்கு வர வேண்டும் என்ற பட்டியலுக்கும், அடையாள அட்டைக்குப் புகைப்படம் தராதவர்களின் பெயர்களுக்கும் நடுவே ஒரே ஒரு வரி. 'நம் பள்ளியின் முன்னாள் சிறப்புக் கல்வி ஆசிரியர் திருமதி ரஹ்மத்துன்னிசா இன்று காலை மாரடைப்பால் காலமானார்.' ஐந்து நிமிடத்துக்குள் கைகூப்பிய பொம்மைகள் வரிசையாக வந்து விழுந்தன. யாரோ குத்துவிளக்குப் படம் போட்டு ஆத்மா சாந்தியடைய வேண்டிக்கொண்டிருந்தார். நான்கு வருடம் நம்மோடு ஒரே மேசையில் உட்கார்ந்து சாப்பிட்ட ஒரு முஸ்லிம் பெண்ணுக்குக் குத்துவிளக்கு. அதை எடுங்கள் என்று சொல்ல ஒருவருக்கும் தோன்றவில்லை, எனக்கும்தான். நானும் ஒரு பொம்மையை அனுப்பிவிட்டு அடுப்பைப் பார்க்கப் போனேன்.

இப்போது பள்ளி ஆண்டு மலருக்கு அவரைப் பற்றி ஒரு பக்கம் எழுதித் தரச் சொல்லியிருக்கிறார்கள். "அவங்களோட நல்ல பக்கத்த மட்டும் எழுதுங்க வசந்தா மிஸ்" என்று தாளாளர் அறையிலிருந்து சொல்லி அனுப்பினார்கள். ஒரு பக்கத்தில் இது அடங்காது. நல்ல பக்கம் மட்டும் என்பதும் நடக்காது. ஆகவே முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: எனக்கு ரஹ்மத் டீச்சரைப் பிடிக்காது. உங்களில் பெரும்பாலோருக்கும் பிடிக்காது. இரங்கல் கூட்டத்தில் கைக்குட்டையால் கண்ணைத் துடைத்துக்கொண்டவர்களையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

பிடிக்காமல் போனதற்குக் காரணங்கள் இல்லாமல் இல்லை. அவர் குரல் தாழ்ந்து யாரும் கேட்டதில்லை. ஸ்டாஃப் ரூமில் பேசினால் வாசலில் வாட்ச்மேன் திரும்பிப் பார்ப்பார். கேட்காமல் என் டப்பாவிலிருந்து மாங்காய் ஊறுகாயை எடுத்துக்கொள்வார், எடுத்துக்கொண்டு உப்பு அதிகம் என்று குறையும் சொல்வார். பள்ளிக்குப் பக்கத்திலேயே, பூந்தமல்லியில் பிறந்து வளர்ந்தவர், ஆனாலும் தினமும் பத்து நிமிடம் தாமதம். அவிநாசியிலிருந்து கல்யாணமாகி வந்து, வேலப்பன்சாவடி ஃப்ளாட்டிலிருந்து இரண்டு பஸ் மாறி வருகிற நான் எட்டு மணிக்கெல்லாம் கையெழுத்துப் போட்டுவிடுவேன். ஒரு முறைகூட அவர் என் கணக்குப் பாடத்தைப் பாராட்டியதில்லை. பிள்ளைகள் எதிரிலேயே, "மிஸ், நீங்க போர்டைப் பாத்துக் கத்துறீங்க, அதுக்குக் காது கெடையாது" என்று சொன்னவர் அவர். சிரித்த பிள்ளைகளை நான் அன்று நிற்க வைத்தேன்.

புதிதாகச் சேர்ந்தவர்களுக்கு ஒழுங்கு நோட்டைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஆபீஸில் பச்சை அட்டை போட்ட நீள நோட்டு ஒன்று இருக்கிறது. தேதி, பெயர், வகுப்பு, குற்றம், தண்டனை, ஆசிரியர் கையெழுத்து என்று ஆறு கட்டம். யார் தவறு செய்தாலும் அதில் ஏற வேண்டும். ரஹ்மத் டீச்சர் சேர்ந்த இரண்டாம் நாள் தன் பையிலிருந்து ஓர் இரும்பு ஸ்கேலை எடுத்தார். ஆபீஸ் மேசையில் உட்கார்ந்து, 'வகுப்பு'க்கும் 'குற்ற'த்துக்கும் நடுவே ஒவ்வொரு பக்கத்திலும் ஒரு கோடு இழுத்து ஏழாவதாக ஒரு கட்டம் உண்டாக்கினார். மேலே 'அதற்கு முன்' என்று எழுதினார். யாரிடமும் அனுமதி கேட்கவில்லை. ஏன் இது என்று கேட்டதற்கு, "பிள்ளை இன்னா பண்ணுச்சுன்னு எழுதுறீங்க இல்ல, அதுக்கு முன்னாடி இன்னா நடந்துச்சுன்னும் எழுதுங்க. எழுதினா பாதிக் கோவம் போயிடும். மீதிப் பாதி யார் மேலன்னு தெரிஞ்சிடும்" என்றார்.

நமக்கு வந்த கோபம் ஞாபகம் இருக்கிறதா? கம்ப்யூட்டர் சார் முதல் வேலையாக அந்தக் கட்டத்தில், 'அதற்கு முன்: பிறந்தான்' என்று எழுதிவிட்டு வந்தார். ஸ்டாஃப் ரூமே குலுங்கிச் சிரித்தது, நான் எல்லோரையும்விட அதிகமாகச் சிரித்தேன். ரஹ்மத் டீச்சர் அதைப் படித்தார். அவரும் நம்மைவிடப் பெரிதாகச் சிரித்தார். பிறகு அதன் கீழேயே, 'அது பன்னிரண்டு வருஷம் முன்னால். இன்று காலை என்ன?' என்று எழுதி, நோட்டைக் கொண்டுவந்து கம்ப்யூட்டர் சார் மடியில் வைத்தார். சார் எழுதி முடிக்கும் வரை அங்கிருந்து நகரவில்லை.

ஆறாம் வகுப்பில் ஒரு பிள்ளை நடுப்பாடத்தில் வகுப்பைவிட்டு ஓடும். ஒழுங்கு நோட்டில் பதினைந்து இருபது முறை அதன் பெயர் இருந்தது. தண்டனைக் கட்டத்தில் முட்டி போடுவதில் தொடங்கி பெற்றோரை அழைப்பது வரை எல்லாம் செய்து பார்த்தாகிவிட்டது. ரஹ்மத் டீச்சர் ஒரு வாரம் அந்த வகுப்பின் கடைசி பெஞ்சில் போய் உட்கார்ந்தார். பதினோரு மணிக்கு மேல்தொட்டிக்குத் தண்ணீர் ஏற்ற மோட்டார் போடுவார்கள். மோட்டார் அந்த வகுப்புச் சுவருக்குப் பின்னால். சத்தம் தொடங்கியதும் பிள்ளை காதைப் பொத்திக்கொண்டு வெளியே பாயும். மோட்டார் போடும் நேரத்தைக் காலை ஏழரைக்கு மாற்றியதும் ஓட்டம் நின்றது. நம் எல்லோருக்கும் அந்த மோட்டார் சத்தம் தெரியும். அதை மீறிக் கத்தித்தான் நாம் பாடம் நடத்தினோம், பிள்ளைக்கும் அதற்கும் முடிச்சுப் போடத் தோன்றவில்லை. எனக்கு அன்று அவர் மேல் மரியாதை வந்திருக்க வேண்டும். வந்தது எரிச்சல்தான்.

இனி கயல்விழி விஷயம். அதை விட்டுவிட்டு ரஹ்மத் டீச்சரைப் பற்றி எழுதுவது என்பது உங்கள் கைகூப்பிய பொம்மை மாதிரிதான்.

அப்போது கயல்விழி ஏழாம் வகுப்பு. ஆட்டிசம் என்று சான்றிதழ் உண்டு. அம்மா செல்வி அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு கம்பெனி கேன்டீனில் வேலை பார்ப்பவர். அந்தப் பெண் கணக்கில் புலி. ஆனால் வழிமுறை எழுத மாட்டாள், விடை மட்டும் எழுதுவாள். பேசினால் முகத்தைப் பார்க்க மாட்டாள். ஜன்னலைப் பார்த்தபடி கேட்பாள். ரஹ்மத் டீச்சர் ஒரு தாளில், 'கயல்விழியைத் தொட வேண்டாம். முகத்தைப் பார்க்கச் சொல்ல வேண்டாம். ஜன்னலைப் பார்த்தாலும் அவள் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறாள்' என்று எழுதி வகுப்பு அட்டெண்டன்ஸில் ஒட்டியிருந்தார். படித்தேன் என்று நாம் எல்லோரும் அதில் கையெழுத்துப் போட்டிருக்கிறோம். என் கையெழுத்து மூன்றாவது.

சோதனைத் தாள்களைத் திருத்திக் கொடுத்த அன்று கயல்விழி ஜாமெட்ரி பாக்ஸால் என் முகத்தில் அடித்தாள். இடது புருவத்தில் மூன்று தையல். தழும்பை நீங்கள் எல்லோரும் பார்த்திருக்கிறீர்கள். ஆஸ்பத்திரியிலிருந்து நேராகப் பள்ளிக்கு வந்து ஒழுங்கு நோட்டைக் கேட்டு வாங்கி, 'ஆசிரியரை ஜாமெட்ரி பாக்ஸால் தாக்கி இரத்தக் காயம் உண்டாக்கினாள்' என்று எழுதினேன். எழுதியது அத்தனையும் உண்மை. 'அதற்கு முன்' கட்டத்தில் ஒரு சின்னக் கோடு மட்டும் போட்டேன். ஒன்றும் இல்லை என்பதற்கு நாம் போடுவோமே, அந்தக் கோடு.

மறுநாள் செல்வியைத் தாளாளர் அறைக்கு வரவழைத்தார்கள். நம் பள்ளி யாரையும் நீக்குவதில்லை என்று பெருமையாகச் சொல்லிக்கொள்வோம். உண்மைதான், நீக்குவதில்லை. மேசையில் ஒரு கடிதம் டைப் செய்து தயாராக இருக்கும். 'என் சொந்த விருப்பத்தின் பேரில் என் மகளின் மாற்றுச் சான்றிதழைப் பெற்றுக்கொள்கிறேன்.' பெயருக்கும் கையெழுத்துக்கும் மட்டும் இடம் விட்டிருப்பார்கள். எத்தனை பெற்றோர் அந்த நாற்காலியில் உட்கார்ந்து அதில் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனார்கள் என்பதை நாம் எல்லோரும் கண்ணால் பார்த்திருக்கிறோம். அன்று நான் கட்டுப்போட்ட தலையோடு தாளாளரின் வலது பக்கம் உட்கார்ந்திருந்தேன். என்னை அங்கே உட்கார வைத்ததே அந்தக் கட்டைக் காட்டத்தான்.

செல்வி கடிதத்தைக் கையில் வாங்கிக்கொண்டு என்னைப் பார்த்து, "மிஸ்ஸு, இது கொசுவக் கூட அடிக்காது. இன்னா ஆச்சுன்னு சொல்லுங்க. தப்புனா நானே கேக்குறேன்" என்றார். நான் தலைக் கட்டைச் சரிசெய்துகொண்டேன். தாளாளர் பேனாவை நீட்டினார். அழைக்காமலே கதவைத் திறந்துகொண்டு ரஹ்மத் டீச்சர் உள்ளே வந்தார்.

"கையெழுத்துப் போடாதீங்க செல்வி. எட்டாவது வரைக்கும் எந்தப் பிள்ளையையும் ஸ்கூல விட்டு நீக்கக்கூடாதுன்னு சட்டம் இருக்கு. அது தெரிஞ்சுதான் உங்க கையால எழுதி வாங்குறாங்க. அவங்களுக்கு அனுப்பணும்னா அவங்க எழுதித் தரட்டும். 'நாங்க நீக்குறோம், இன்ன காரணம்'னு சீல் போட்டுத் தரட்டும். நாம வாங்கிக்கலாம்."

அறையில் சீல் இருந்தது, பேனா இருந்தது, டைப் செய்ய ஆளும் இருந்தார். ஒருவரும் எழுதவில்லை. தாளாளர், "மேடம், ஒரு டீச்சரோட ரத்தம் கீழ விழுந்திருக்கு" என்றார். ரஹ்மத் டீச்சர் ஒழுங்கு நோட்டை அக்குளில் இடுக்கிக்கொண்டு வந்திருந்தார். அதை என் முன்னால் விரித்தார்.

"அடிச்சது தப்பு, இல்லன்னு சொல்லல. ஆனா வசந்தா மிஸ், இங்க கோடு போட்டிருக்கீங்க. நெசமாவே ஒண்ணும் நடக்கலையா?"

"ஒண்ணும் நடக்கல" என்றேன்.

பொய். நடந்திருந்தது. என்ன நடந்தது என்பதைக் கடைசியில் எழுதுகிறேன். மூன்று வருடம் பொறுத்தவள் நான், நீங்கள் இன்னும் ஒரு பக்கம் பொறுத்துக்கொள்ளலாம்.

செல்வி கையெழுத்துப் போடவில்லை. கயல்விழி பள்ளியில் தங்கினாள், ஆனால் கணக்குப் பீரியடில் மட்டும் அவளை லைப்ரரியில் உட்கார வைத்தோம். கணக்கில் புலியான பெண்ணுக்குக் கணக்கு வகுப்பு கிடையாது. அந்த ஏப்ரலில் ரஹ்மத் டீச்சருக்கு வேலை நீட்டிப்பு கிடைக்கவில்லை. சக ஆசிரியர்களை மிரட்டுகிறார் என்று ஒரு புகார்த் தாள் ஸ்டாஃப் ரூமில் சுற்றி வந்ததே, நினைவிருக்கும். உங்களில் பதினோரு பேர் கையெழுத்துப் போட்டீர்கள். முதல் கையெழுத்து என்னுடையது. அவர் போகும்போது மேசை டிராயரைக் காலி செய்தார். என் ஊறுகாய் டப்பாவின் மூடி ஒன்று அவரிடம் இருந்தது. அதைக் கழுவித் துடைத்து என் மேசையில் வைத்துவிட்டுப் போனார்.

அதன்பின் ஒரே ஒரு முறைதான் அவரைச் சந்தித்தேன். பூந்தமல்லி பஸ் ஸ்டாண்டில், போன வருடம். இளைத்திருந்தார். குரல் மட்டும் இளைக்கவில்லை. எப்படி இருக்கிறீர்கள், பிள்ளைகள் என்ன படிக்கிறார்கள் என்று ஒன்றும் கேட்கவில்லை. அவ்வளவு கூட்டத்தில், "வசந்தா மிஸ், அந்தக் கோடு அப்படியேதான் இருக்குதா?" என்றார். நான் கண்ணெதிரே நின்ற பஸ்ஸில் பாய்ந்து ஏறிவிட்டேன். டிக்கெட் கேட்டபோதுதான் அது திருமழிசை போகிற பஸ் என்று தெரிந்தது. நான் போக வேண்டியது நேர் எதிர்த் திசை. ஆனாலும் அடுத்த ஸ்டாப்பிங்கில் இறங்கவில்லை, அவர் அங்கேயே நின்றுகொண்டிருப்பாரோ என்ற பயத்தில் கடைசி வரை போய்த் திரும்பினேன்.

செய்தி வந்த அன்று, அடுப்பை அணைத்துவிட்டு அவர் வீட்டுக்குப் போனேன். மாலை அசர் தொழுகைக்குப் பிறகு அடக்கம் என்றார்கள். பெண்கள் இருந்த அறையில் ஒரு மூலையில் செல்வி உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் கயல்விழி. நன்றாக வளர்ந்துவிட்டாள். நான் உள்ளே நுழைந்ததும் அவள் முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

செல்வி எழுந்து என்னிடம் வந்தார். சண்டைக்குத்தான் வருகிறார் என்று நினைத்தேன். தணிந்த குரலில்தான் பேசினார். "பத்தாவதுல கணக்குல ஸ்கூலுக்கே ரெண்டாவது மார்க்கு மிஸ்ஸு. பிளஸ் ஒன் சீட்டு இல்லன்ட்டாங்க. பழைய நோட்டுல எழுதிக்கீதாம், டீச்சர ரத்தம் வர அடிச்ச பொண்ணாம். டிசில நடத்தை சரியில்லன்னு போட்டுத்தான் குடுப்பாங்களாம். அப்டிப் போட்டா எந்த ஸ்கூல்ல மிஸ்ஸு சேப்பாங்க? இல்ல, வேற ஸ்கூல்ல சேத்துக்கிறேன்னு நானே எழுதிக் குடுத்தா நல்ல நடத்தைன்னு போட்டுத் தர்றாங்களாம்."

எட்டாம் வகுப்பு தாண்டிவிட்டது. ரஹ்மத் டீச்சர் அன்று காட்டிய சட்டம் இனி செல்லாது என்று நம் ஆபீஸுக்குத் தெரியும். மாற்றுத்திறனாளிகளுக்கு என்று வேறு சட்டம் இருப்பது தெரிந்தும் தெரியாததுபோல இருக்கும். செல்வி தன் பையிலிருந்து ஒரு ஃபைலை எடுத்துக் காட்டினார். கல்வி அதிகாரிக்கு, பள்ளிக்கு, மாற்றுத்திறனாளிகள் ஆணையருக்கு என்று நான்கு கடிதங்கள். எல்லாம் ரஹ்மத் டீச்சர் கையெழுத்தில். கடைசிக் கடிதம் பாதியில் நின்றிருந்தது. "முந்தாநாள் வரைக்கும் எழுதிகினு இருந்தாங்க. இதெல்லாம் நாள் புடிக்கும் செல்வி, வசந்தா மிஸ் ஒரு வார்த்த எழுதினா போதும்னு சொல்லிகினே இருந்தாங்க. உங்கள வந்து கேக்கட்டான்னேன். கேக்காத, அவங்களா எழுதணும்ன்ட்டாங்க" என்றார் செல்வி.

எனக்கு முதலில் வந்தது அழுகை இல்லை, ஆத்திரம். செத்த பிறகும் விடமாட்டாளா இந்தப் பொம்பளை என்று மனதுக்குள் திட்டினேன். அந்த வீட்டில் நின்றுகொண்டு அப்படித்தான் நினைத்தேன். ஃபைலைச் செல்வியிடமே கொடுத்துவிட்டு வந்துவிட்டேன்.

அப்போதும் நான் எழுதியிருக்க மாட்டேன். எழுத வைத்தது நம் இரங்கல் கூட்டம். 'சிறப்புக் குழந்தைகளின் தாய்' என்று பேனர் கட்டியிருந்தீர்கள். அவர் இருந்திருந்தால், "தாய் வீட்ல கீறா, நான் டீச்சர்" என்று அதைக் கழற்றச் சொல்லியிருப்பார். தாளாளர் மைக்கைப் பிடித்து, அவர் ஆற்றிய சேவையை எல்லாம் சொல்லி, கடைசியில் சொன்னார்: "உடல்நலம் காரணமாக, மேடம் தன் சொந்த விருப்பத்தின் பேரில் நம் பள்ளியைவிட்டு விலகினார்." நீங்கள் தலையை ஆட்டினீர்கள். புகார்த் தாளில் கையெழுத்துப் போட்ட பதினோரு பேரும் முன்வரிசையில் உட்கார்ந்து தலையை ஆட்டினீர்கள். நானும் ஒரு கணம் ஆட்டிவிட்டேன். ஆட்டிய பிறகுதான் அது எந்த வாக்கியம் என்று உறைத்தது. அவர் செல்வியைக் கையெழுத்துப் போடவிடாமல் தடுத்த அதே வாக்கியத்தில், இறந்த பிறகு அவர் பெயரை எழுதி, அவருக்குப் பதிலாக நாமே கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தோம்.

அடுத்து நான் மூன்று நிமிடம் பேச வேண்டும் என்று அழைத்தார்கள். மேடைக்குப் போகவில்லை. ஆபீஸுக்குப் போனேன். அட்மிஷன் வேலைக்காகப் பீரோ சாவி என்னிடம்தான் இருந்தது. அந்த வருடத்துப் பச்சை நோட்டை எடுத்து, பக்கத்தைத் தேடி, நான் அன்று போட்ட கோட்டை அடிக்காமல் அதன் பக்கத்திலேயே எழுதினேன். கட்டம் போதாமல் ஓரத்திலும் கீழேயும் வழிந்தது. எழுதியது இது:

'அதற்கு முன்: விடைகள் எல்லாம் சரியாக இருந்தன. வழிமுறை எங்கே என்று மூன்று முறை கேட்டேன். ஜன்னலைப் பார்த்தாள். தொடக்கூடாது என்று எழுத்தில் சொல்லப்பட்டிருந்தது, நான் அதில் கையெழுத்திட்டிருந்தேன். வகுப்பு முழுக்கப் பார்க்க, "என் மூஞ்சியப் பாத்துப் பேசுடி" என்று அவள் முகவாயைப் பிடித்துத் திருப்பினேன். விடுங்க மிஸ் என்று சொன்னாள். விடவில்லை. மறுபடியும் சொன்னாள். நகம் பதியும்வரை அழுத்தினேன். அதன் பிறகுதான் அடித்தாள். இதை மறைத்தது நான். வ. வசந்தா, கணக்கு ஆசிரியர்.'

எழுதிய நாளின் தேதியும் போட்டேன். மூன்று பிரதி எடுத்தேன். ஒன்று கல்வி அலுவலகத்துக்குப் பதிவுத் தபாலில் போய்விட்டது. ஒன்று செல்வியிடம். அதை அவர் கையில் கொடுத்தபோது எனக்கு நன்றி சொல்லவில்லை. "இத அப்பவே எழுதிருந்தா அந்தம்மாவுக்கு வேல போயிருக்காதே" என்றார். கயல்விழி தாளை வாங்கி முழுதும் படித்தாள். பிறகு ஜன்னலைப் பார்த்தபடி, "ரெண்டு தடவ இல்ல மிஸ். மூணு தடவ சொன்னேன்" என்றாள். அவள் கணக்கு தப்பாது. நோட்டில் போய் அதையும் திருத்தினேன்.

ரஹ்மத் டீச்சரை எனக்கு இப்போதும் பிடிக்கவில்லை. மன்னித்திருப்பார் என்று எழுதி உங்களைச் சமாதானப்படுத்த நான் தயாரில்லை, அவர் மன்னித்ததாக எந்தத் தகவலும் எனக்கு இல்லை. அவரிடமிருந்து நான் வைத்துக்கொண்டது அந்தக் கட்டம்தான். இந்த வருடத்துப் புது நோட்டில் வழக்கம்போல ஆறு கட்டம் மட்டும் அச்சடித்து வந்திருந்தது. நேற்று உட்கார்ந்து எல்லாப் பக்கத்திலும் கோடு இழுத்துவிட்டேன். இனி கோடு போட்டுத் தப்பிப்பவர்களின் மடியில் நோட்டைக் கொண்டுவந்து வைக்கப் போகிறவள் நான்.

மூன்றாவது பிரதி இத்துடன் இணைத்திருக்கிறேன், தாளாளருக்கு. மலரில் இதைப் போட மாட்டீர்கள் என்று தெரியும், அதனால்தான் ஸ்டாஃப் குரூப்பிலும் அனுப்புகிறேன். கயல்விழிக்கு சீட்டு இல்லை என்றால் காரணத்தை எழுதி சீல் போட்டுக் கொடுங்கள். என்னை அனுப்ப வேண்டும் என்றாலும் அப்படியே எழுதிக் கொடுங்கள். அந்த நாற்காலியில் நானும் வந்து உட்காருகிறேன். பேனாவை மட்டும் என்னிடம் நீட்டாதீர்கள். சொந்த விருப்பத்தின் பேரில் நான் எழுத வேண்டியதை எழுதி முடித்துவிட்டேன்.